ஆங்கிலம் தானாக வந்துவிடும். தமிழுக்கு எந்த வழி?

சிங்கப்பூரில் கைக்குழந்தை வைத்திருக்கும் தமிழ்ப் பெற்றோர் நாலு பேர் ஒரு பிறந்தநாள் விருந்தில் சேர்ந்தால், கேக் வெட்டி முடிப்பதற்குள் பேச்சு இங்கே வந்துவிடும்: வீட்டில் பிள்ளையிடம் என்ன மொழி பேசுவது? ஒருவர் "நாங்க தமிழ் மட்டும்தான்" என்பார். இன்னொருவர் "அப்பா தமிழ், அம்மா இங்கிலீஷ், அப்படித்தான் புத்தகத்துல போட்டிருக்கு" என்பார். "பாட்டி பாத்துக்குவாங்க" என்று ஒருவர். "ஸ்கூல்ல சொல்லிக் கொடுப்பாங்கல்ல?" என்று இன்னொருவர். எல்லாமே நடைமுறையில் இருக்கும் வழிகள்தான். எங்கள் சொந்தத்திலும் பொங்கோல் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலும் இந்த வழிகள் ஒவ்வொன்றிலும் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாம் சமம் என்று நான் சொல்லப் போவதில்லை.

இருமொழி வளர்ப்பைப் பற்றிப் பொதுவாகக் கிடைக்கும் ஆலோசனைகள் இரண்டு மொழிக்கும் ஒரே அளவு உழைப்பு வேண்டும் என்பது போலப் பேசும். இங்கே நிலைமை அப்படி இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்று சொன்னார்கள். 2010இல் அது 32.3 விழுக்காடாக இருந்தது. தமிழை அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடு. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் பாடமொழி ஆங்கிலம்தான். லிஃப்டில் பேச்சுக் கொடுக்கும் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, விளையாட்டுத் திடலில் சேரும் பிள்ளைகள், யூடியூப் எல்லாம் ஆங்கிலம். நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் பிள்ளைக்கு ஆங்கிலம் வந்துவிடும். அதனால் இங்கே எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: தமிழுக்கு எத்தனை மணி நேரம், யார் வாயிலிருந்து?

அதே கணக்கெடுப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆங்கிலத்தை அதிகம் பேசுகிறோம் என்றவர்களில் 87 விழுக்காட்டினர் வீட்டில் இன்னொரு மொழியையும் பேசுகிறார்கள். ஆங்கில வீடு என்றால் தாய்மொழி வாசலோடு நின்றுவிட்டது என்று பொருளல்ல. ஆனால் அந்த 'இன்னொரு மொழி' பிள்ளையின் காதோடு நிற்கிறதா, வாய்க்கும் வருகிறதா என்பதைக் கணக்கெடுப்பு சொல்லாது. நான் ஒவ்வொரு வழியையும் பார்ப்பது அதை வைத்துத்தான்: பிள்ளை தமிழில் திருப்பிப் பேசுகிறதா? வேலைக்குப் போகிற பெற்றோரால் இதை ஆறேழு வருடம் இழுத்துக்கொண்டு போக முடியுமா?

ஆளுக்கொரு மொழி

புத்தகங்களில் அதிகம் புகழப்படுவது இது. ஒருவர் ஒரு மொழி, மற்றவர் இன்னொரு மொழி, இருவரும் மாற்றிப் பேசக் கூடாது. ழூல் ரோன்ஜா என்ற பிரெஞ்சு மொழியியலாளர் தன் மகன் லூயியை இப்படி வளர்த்ததை 1913இல் நூலாக எழுதினார். அப்பா பிரெஞ்சு, அம்மா ஜெர்மன். பிள்ளை இரண்டையும் நன்றாகப் பேசினான். அதிலிருந்து நூறு வருடத்துக்கும் மேலாக இந்த வழி உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ரோன்ஜா வீட்டில் அந்த அம்மாவுக்கு ஜெர்மன்தான் தாய்மொழி. பிள்ளையைக் கொஞ்சவும் அதட்டவும் அவருக்கு அதுதான் இயல்பு. நம் வீடுகளில் நடப்பது வேறு. அப்பா அம்மா இருவரும் தமிழர். அதில் ஒருவர் வேண்டுமென்றே ஆங்கிலத்தை எடுத்துக்கொள்கிறார். ஏற்கெனவே ஊர் முழுக்க இருக்கிற மொழிக்கு வீட்டுக்குள்ளும் ஓர் ஆள் போட்டாயிற்று. தமிழுக்கு மிஞ்சியது ஒருவர். அவர் அநேகமாக அப்பா. அவர் ஆபீஸ் முடிந்து எம்ஆர்டி ரயில் பிடித்து வீட்டுக்கு வரும்போது மணி ஏழரை. பிள்ளை ஒன்பதுக்குத் தூங்கிவிடும். நடுவில் சாப்பாடு, குளியல் எல்லாம் போக, அப்பாவின் தமிழ் எத்தனை நிமிடம் தேறும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் சாப்பாட்டு மேசையில் அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே புரியும் என்பதை மூன்று வயதுப் பிள்ளை கண்டுபிடிக்க அதிக நாள் ஆகாது.

இதற்கு ஆய்விலும் ஆதாரம் உண்டு. பெல்ஜியத்தின் டச்சு மொழிப் பகுதியில், வீட்டில் வேறொரு மொழியும் பேசும் 1,899 குடும்பங்களை ஆனிக் டி ஹௌவர் என்ற ஆய்வாளர் எடுத்துப் பார்த்து 2007இல் எழுதினார். பெற்றோர் இருவரும் வீட்டு மொழியை மட்டும் பேசிய குடும்பங்களில் ஏறக்குறைய 97 விழுக்காட்டில் பிள்ளைகள் அதைப் பேசினார்கள். இருவரும் வீட்டு மொழி பேசி, ஒருவர் மட்டும் கூடவே டச்சும் பேசிய வீடுகளில் 93. ஒருவர் டச்சு, மற்றவர் வீட்டு மொழி என்று பிரித்துக்கொண்டவர்களிடம் 74. இருவரும் டச்சு பேசி, ஒருவர் மட்டும் வீட்டு மொழியையும் சேர்த்துக்கொண்ட வீடுகளில் 36தான். அது டச்சும் பெல்ஜியமும். நம் ஊர் இல்லை. ஆனால் பள்ளியும் தெருவும் ஒரு மொழி, வீடு மட்டும் இன்னொரு மொழி என்ற நிலை நமக்கும் அதேதான். 74 கெட்ட எண் இல்லை. ஆனால் அவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் நாலு வீட்டில் ஒரு வீட்டுக்கு அந்த மொழி நிற்கவில்லை என்றால், அதைவிட எளிதாகவும் கூடுதல் பலனோடும் இன்னொரு வழி இருக்கும்போது இதை எதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

கலப்புத் திருமணக் குடும்பங்களுக்குத்தான் இந்த வழி பொருந்தும். அங்கே இது தேர்வே இல்லை, இயல்பு. அப்பா தமிழ், அம்மா சீனர் என்றால் அவரவர் மொழியில் பிள்ளையிடம் பேசுவதும், தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதும் தானாக அமைந்துவிடும். பிள்ளைக்கு மூன்று மொழி. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: தமிழ் பேசும் ஆள் பிள்ளையோடு குறைந்த நேரம் இருப்பவராக இருந்தால், அந்தப் பக்கத்து அத்தையையோ பாட்டியையோ வாரக்கடைசியில் இழுத்துப்போட்டு நேரத்தைக் கூட்ட வேண்டும். அப்பாவின் அரைமணி நேரத்தை மட்டும் நம்பி மூன்று மொழி நிற்காது.

வீட்டுக்குள் தமிழ்

இருவராலும் முடியுமென்றால் என் ஓட்டு இதற்குத்தான். வாசலைத் தாண்டினால் என்ன மொழியோ இருக்கட்டும். கதவுக்கு உள்ளே தமிழ்.

உடனே வரும் பயம், "ஆங்கிலம் தெரியாமல் தொடக்கநிலை ஒன்றில், முதல் வகுப்பில், திணறுமே?" என்பது. சிங்கப்பூரில் பெரும்பாலான பிள்ளைகள் மூன்று, நாலு வயதுக்குள் குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கோ பாலர் பள்ளிக்கோ போய்விடுகிறார்கள். அங்கே நாள் முழுக்க ஆங்கிலம். முதல் சில வாரம் வாயே திறக்காது. ஆசிரியர் கூப்பிட்டுச் சொல்வார். பதறாதீர்கள். அப்புறம் ஒருநாள் வீட்டுக்கு வந்து பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து, ஆசிரியரின் அதே குரலில், "எவ்ரிபடி சிட் டவுன்!" என்று அதட்டும். அன்றோடு ஆங்கிலக் கவலை தீர்ந்தது. அப்படியும் ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் பின்தங்கினால், தொடக்கநிலை ஒன்றின் ஆரம்பத்திலேயே கண்டறிந்து சிறு குழுவாகச் சொல்லித்தர கற்றல் ஆதரவுத் திட்டம் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அப்படித் தாங்கிப்பிடிக்க ஊரே இருக்கிறது. வீட்டில் விட்டுவிட்ட தமிழுக்கு அப்படி யாரும் வர மாட்டார்கள்.

இரண்டாவது பயம், இரண்டு மொழியால் பேச்சு தாமதமாகும் என்பது. இருமொழிச் சூழல் பேச்சுத் தாமதத்துக்குக் காரணம் இல்லை. இரண்டு மொழியிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் எப்போதும் குறைவாகத்தான் தெரியும். இரண்டையும் சேர்த்தும் பேச்சு வரவில்லை என்றால் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். தமிழை நிறுத்துவது அதற்கு மருந்தல்ல.

இந்த வழியின் உண்மையான சிரமம் பெரியவர்களிடம் இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த நம்மில் பலர் கணவன் மனைவி பேச்சையே ஆங்கிலத்தில்தான் நடத்துகிறோம். சண்டை வந்தால் நிச்சயம் ஆங்கிலம். தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இது கொஞ்சம் எளிது, ஆனால் அவர்களிலும் பிள்ளையைப் பார்த்ததும் குரல் மாறி "கம் பேபி, ஈட் பேபி" என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. தங்களுக்குள் தமிழ், பிள்ளையிடம் மட்டும் ஆங்கிலம். அந்த வீட்டுப் பிள்ளை தமிழை, பெரியவர்கள் ரகசியம் பேசும் மொழி என்று எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு இந்த வழி சரிப்படுமா என்று தெரிய எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். பிள்ளை பாலைத் தரையில் கொட்டிவிட்டால் யோசிக்காமல் உங்கள் வாயில் வருவது எந்த மொழி? அது தமிழ் என்றால் மேலே போகலாம்.

சுத்தத் தமிழுக்கு இங்கே வேலையில்லை. "லிஃப்ட் பட்டனை அமுக்கு", "பேக்கை எடுத்து மாட்டு" என்பதெல்லாம் நல்ல தமிழ்தான். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தமிழ்ச் சொல் தேடி நின்றால் பேச்சே நின்றுவிடும். வினைச்சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். "வாக் பண்ணு, ஜம்ப் பண்ணு, ஷேர் பண்ணு, கிளீன் பண்ணு" என்றே வளரும் பிள்ளைக்குத் தமிழில் தெரிந்த வினை 'பண்ணு' ஒன்றுதான். நட, குதி, பகிர்ந்துக்கோ, துடை என்பவை பிள்ளையின் காதில் ஒருநாளும் விழுந்திருக்காது. பொருளின் பெயரைப் பள்ளியில் இரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம். வினை அப்படி வராது.

பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்ல ஆரம்பிப்பதும் எல்லா வீட்டிலும் நடக்கும். அநேகமாக நான்கு வயதுவாக்கில். "தமிழ்ல பேசு!" என்று அதட்டினால் தமிழ் ஒரு தண்டனையாகிவிடும். எங்கள் வீட்டில், வாசலில் செருப்பு அலமாரிக்கு முன்னால் என் சின்னவனோடு நடந்த பேச்சு இது:

"ஐ டோன்ட் வான்ட் திஸ் ஷூ."

"வேணாமா? வேற எது வேணும், நீலமா கருப்பா?"

"ப்ளூ."

"நீலம். சரி, நீயே எடுத்து மாட்டிக்கோ."

"அம்மா, நீலம் டைட்டா இருக்கு."

இரண்டு சொல்லைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்தால் பிள்ளை அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். எடுக்காவிட்டால் அது சொன்னதை நீங்கள் தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போங்கள். அலுக்கும். அவசரமாகக் கிளம்பும் காலை வேளையில் நடக்காது. பரவாயில்லை, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வழியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: அண்ணன் தங்கை பேச்சு. மூத்தது பள்ளிக்குப் போன வருடத்தோடு வீட்டுக்குள் ஆங்கிலம் நுழைகிறது. லீகோ விளையாட்டு, சண்டை, சமாதானம் எல்லாம் அதில்தான். அப்பா அம்மா தமிழில் பேசிக்கொண்டே இருந்தாலும் இரண்டாவதின் தமிழ் மூத்ததின் தமிழைவிட ஒரு பிடி குறைவாகத்தான் இருக்கும். இதை முழுக்கத் தடுக்க எந்த வீட்டாராலும் முடிந்து நான் பார்த்ததில்லை. மூத்தவளை இளையவனுக்கு ராத்திரி தமிழ்க் கதை படித்துக்காட்டச் சொன்னது எங்களுக்குக் கொஞ்சம் உதவியது. அவளுக்கு வாசிப்புப் பயிற்சி, அவனுக்கு அக்காவின் வாயால் தமிழ். புத்தகத்துக்கு நூலகம் இருக்கிறது. வட்டார நூலகங்களின் தமிழ்ச் சிறுவர் பகுதியில் படம் போட்ட நூல்கள் தாராளமாகக் கிடைக்கும்.

தாத்தா, பாட்டி, பணிப்பெண்

நேரக் கணக்கில் பார்த்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. பகல் முழுக்கப் பாட்டியோடு இருக்கும் பிள்ளைக்கு நாளுக்கு எட்டு மணி நேரத் தமிழ். பழமொழி, விடுகதை, உறவுமுறை, கோபம் எல்லாம் சேர்ந்து வரும். ஆனால் 'பாட்டி பாத்துக்குவாங்க' என்பதற்கு முன் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இப்போதைய சிங்கப்பூர்ப் பாட்டிகளில் பலர் ஆங்கிலப் பள்ளியில் படித்து, அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பேரப்பிள்ளையிடம் ஆங்கிலம் பேசுவதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம்கூட உண்டு. இந்தியாவிலிருந்து பெற்றோரை வரவழைப்பதாக இருந்தால் அனுமதி ஒரு தடை. எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருப்பவர் பெற்றோரை நீண்டகால வருகை அட்டையில் வைத்துக்கொள்ள மாதச் சம்பளம் குறைந்தது 12,000 வெள்ளி இருக்க வேண்டும். அந்தச் சம்பளம் இல்லாதவர்களுக்குக் குறுகிய கால வருகைதான். வந்து பிள்ளை ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் கிளம்ப வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து பணிப்பெண்ணை வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. மொழிக்கு அது நிஜமாகவே உதவும். அந்த அக்காவின் தமிழ் சரளமான, உயிருள்ள தமிழ். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளை சொற்களை மட்டும் கற்பதில்லை, யார் எந்த மொழி பேசுகிறார்கள் என்பதையும் கவனிக்கிறது. வீட்டில் வேலை செய்பவரும் வயதானவர்களும் மட்டும் தமிழ், சம்பாதிக்கிற அப்பா அம்மா ஆங்கிலம் என்றால், எது பெரிய ஆளின் மொழி என்று நாலு வயதில் அது முடிவு கட்டிவிடும். பணிப்பெண்ணை 'நீ, வா, போ' என்று பிள்ளை கூப்பிடுகிறதா என்று பாருங்கள். "அக்கா, நீங்க" என்று திருத்துவது பெற்றோர் வேலை. அதைத் தமிழில் திருத்துங்கள். பாட்டியோ அக்காவோ எட்டு மணி நேரம் கொடுத்தாலும், அப்பா அம்மா கொடுக்கும் ஒரு மணி நேரம்தான் அந்த எட்டுக்கும் மதிப்பு தருகிறது.

நேரம் பிரித்துக்கொள்வது

தமிழ் துருப்பிடித்துப்போன பெற்றோருக்கு, அதாவது மூன்றாம் தலைமுறைச் சிங்கப்பூர்த் தமிழர்களில் பலருக்கு, முழு வீட்டுத் தமிழ் நடக்காத காரியம். அவர்களை அதைச் செய்யச் சொல்வது நியாயமும் இல்லை. தடுமாறும் மொழியில் நாள் முழுக்கப் பிள்ளையோடு இருந்தால் பேச்சே குறைந்துவிடும். அவர்களுக்கு இதுதான் வழி: குறிப்பிட்ட வேளை தமிழ், மற்ற வேளை ஆங்கிலம்.

மணியை வைத்துப் பிரித்தால் இரண்டு வாரத்தில் காற்றில் போய்விடும். வேலையை வைத்துப் பிரித்தால் நிற்கும். குளியல் தமிழில், கதை தமிழில், காரில் போகும்போது ஒலி 96.8 தமிழ் வானொலி, தேக்கா சந்தைக்குப் போனால் கீரைக்கடையில் பேரம் பிள்ளை வாயால். குளியலறைச் சொற்கள் ஒரு நாற்பது இருக்கும். ஒரே வாரத்தில் அம்மாவுக்கும் பழகிவிடும், பிள்ளைக்கும் பழகிவிடும். குளியலும் கதையும் சேர்ந்து நாளுக்கு முக்கால் மணி நேரம் என்றாலும் வாரத்துக்கு ஐந்து மணி நேரம் தாண்டுகிறது. இந்த வழியில் வளர்ந்த பிள்ளைகள் சரளமாகப் பேசுவார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ் வகுப்பில் முதல் நாள் முழிக்க மாட்டார்கள்.

பள்ளியிடம் விட்டுவிடுவது

கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் தாய்மொழிக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பிள்ளை விழித்திருப்பது நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் என்று வைத்தால் வாரத்துக்கு 91. அதில் ஐந்து மணி நேரம் என்பது ஆறு விழுக்காடுகூட இல்லை. மற்ற பாலர் பள்ளிகளில் தமிழ் எல்லா இடத்திலும் கிடையாது. மாண்டரின் மட்டும் இருக்கும் நிலையத்தில் சேர்த்துவிட்டு, பிள்ளை சீனப் பாட்டுப் பாடுவதை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்து, தொடக்கநிலை ஒன்றில் தமிழ் வகுப்பு வந்ததும் ஓடும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். சேர்ப்பதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

டியூஷன் தேர்வுக்கானது. அடைமொழி, வேற்றுமை, கட்டுரை, கருத்தறிதல் ஆகியவற்றுக்கு நல்ல ஆசிரியர் கிடைத்தால் பலன் உண்டு. ஆனால் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் தமிழின் கால் பங்கு மதிப்பெண் வாய்மொழித் தேர்வுக்கு. ஒரு காணொளியைக் காட்டி, அதைப் பற்றித் தேர்வாளர் உரையாடுவார். ஆறு வருடம் வாய் திறந்து தமிழ் பேசாத பிள்ளைக்கு அதை டியூஷனில் ஊட்ட முடியாது. மனப்பாடம் செய்த நாலு வாக்கியம் தீர்ந்ததும் மௌனமாகிவிடும்.

இங்கே பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ் என்ற நம் பழைய சிக்கலும் வருகிறது. மலாய்க்காரப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் இவ்வளவு தூரம் தாண்ட வேண்டியதில்லை. வீட்டில் "நேத்து கடைக்குப் போனோம்" என்று சொல்லும் பிள்ளை, பாடநூலில் "நேற்று நாங்கள் கடைக்குச் சென்றோம்" என்று பார்த்ததும் இது வேறு ஏதோ மொழி என்று நினைக்கிறது. சில பெற்றோர் இதற்குப் பயந்து வீட்டிலேயே செந்தமிழில் பேசப் பார்ப்பார்கள். வேண்டாம். 2005ஆம் ஆண்டு தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பள்ளிகளே நல்ல பேச்சுத் தமிழை வகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டன. வாய்க்குப் பேச்சுத் தமிழ் வீட்டில், கண்ணுக்கு எழுத்துத் தமிழ் புத்தகத்தில் என்று இரண்டும் தனித்தனியாக வரட்டும். ராத்திரிக் கதையை அச்சில் உள்ளபடியே ஒரு தடவை படித்துவிட்டு, அப்புறம் நம் பேச்சில் ஒரு தடவை சொன்னால் பிள்ளையே இரண்டையும் இணைத்துக்கொள்ளும். பாட்டியிடம் பேச்சுத் தமிழ் சரளமாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் 'சென்றோம்' ஒரு வாரத்தில் பிடிபடும். நேர்மாறாக நடப்பதில்லை.

மலையாளம், தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கே மாறும். இந்தி, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி, உருது ஆகியவற்றைப் பள்ளியில் தாய்மொழிப் பாடமாக எடுக்கலாம். மலையாளத்துக்கும் தெலுங்குக்கும் அந்த வசதி இல்லாததால் பலர் தமிழை எடுக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டு மொழி, பள்ளித் தமிழ், ஆங்கிலம் என்று மூன்று. வீட்டு மொழியை விட்டுக்கொடுத்துத் தமிழைப் பிடிக்காதீர்கள் என்றுதான் அவர்களிடம் சொல்வேன். மலையாளம் சரளமாக வரும் பிள்ளைக்குத் தமிழ் பேச்சு வகுப்பில் வேகமாக வரும். அவர்களுக்கு டியூஷன் நியாயமான செலவு.

ஏற்கெனவே ஏழு வயதாகி, கேட்பதெல்லாம் புரிந்து, பதில் மட்டும் ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்தால்? திடீரென்று ஒரு திங்கட்கிழமை முதல் வீட்டில் தமிழ் மட்டும் என்று அறிவிப்பது பலிக்காது. அந்த வயதுக்கு அது நாடகமாகத் தெரியும். நேரம் பிரிக்கும் வழியில் தொடங்குங்கள், ஒரே ஒரு வேலையை வைத்து. கூடவே, தமிழ் பேசியே ஆக வேண்டிய ஆட்களிடம் பிள்ளையைக் கொண்டுபோய் விடுங்கள். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகளில், கல்லூரி வயது அண்ணன் அக்காக்கள் மேடையில் தமிழில் வாதாடுவதையும் சிரிக்க வைப்பதையும் பார்த்தால், தமிழ் பாட்டிக்கும் பாடநூலுக்கும் மட்டும் உரியதல்ல என்று பிள்ளைக்குப் புரியும். அதைவிட வேகமான வழி, ஆங்கிலம் பேசாத அத்தை மகன், மாமா மகள் இருக்கும் ஊருக்கு விடுமுறையில் அனுப்புவது. ஆறு வார ஆண்டிறுதி விடுமுறையில் மூன்று வாரம் போதும். கிரிக்கெட்டில் தன் முறைக்குச் சண்டை போட மொழி வேண்டுமே, முதல் வாரத்திலேயே வாய் திறந்துவிடும். நீங்களும் கூடப் போனால் உங்களிடம் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் முடிந்தால் இரண்டு வாரம் கழித்துப் போய்ச் சேருங்கள். டிக்கெட்டை ஜூலையிலேயே எடுத்துவிடுங்கள்; டிசம்பரில் திருச்சி, சென்னை விமானங்களின் விலை உங்களுக்கே தெரியும்.